இறவாத உயிரணுக்களைத் தந்த ஹென்றியேட்டா லாக்ஸ் அம்மையார்

புகழ் எய்திய பெரியோர் வரலாறுகளைப் படிக்கும்போது, அவர்கள் கற்ற கல்வியையும் ஆற்றிய பணியையும் எழுதிய நூல்களையும் நாம் அறிகின்றோம். இங்கு நான் எழுதப் புகும் வரலாற்றுக்குரிய அம்மையார் நூல் எதனையும் எழுதியவர் அல்லர். மேடை ஏறியவர் அல்லர். ஆறாம் வகுப்பிற்கு மேல் கற்றவரும் அல்லர். தம் பெயர் உலகெங்கும் உள்ள ஆராய்ச்சிக் கூடங்களில் வழங்கப் போகின்றது என்பதை அறியாமலேயே 31ஆம் வயதில் கண் மூடியவர். எனினும் அவர் உடலினின்று எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இன்றளவும் உயிரோடு பெருகி வருகின்றன. இளம்பிள்ளை வாதத் தடுப்பு முதல் புற்றுநோய் ஆராய்ச்சி வரை மருத்துவ அறிவியலுக்கு அவை ஆற்றிய தொண்டு அளவிடற்கரியது. அவர்தாம் அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண்மணியாகிய ஹென்றியேட்டா லாக்ஸ் அம்மையார். நம் சமுதாய இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு இது.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்றான வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லொரெட்டா என்பதாகும். தாயார் 1924இல் தம் பத்தாவது பிள்ளைப்பேற்றின்போது காலமானார். பத்துக் குழந்தைகளையும் தனியே வளர்க்க இயலாத தந்தை, அவர்களைத் தம் சொந்த ஊராகிய குளோவர் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று உறவினர்களிடம் ஆளுக்கொருவராகப் பிரித்து ஒப்படைத்தார். நான்கு வயதுச் சிறுமியாகிய ஹென்றியேட்டா பாட்டனார் வீட்டிற்குச் சென்றார்.

அந்த வீடு மரக்கட்டைகளால் ஆன நான்கு அறைகளைக் கொண்டது. முற்காலத்தில் அடிமைகள் குடியிருந்த வீடு அது. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் அடிமைகளின் வழிவந்தோர் அதே மண்ணில் அதே புகையிலைப் பயிரை விளைவித்துக் கொண்டுதான் இருந்தனர். சிறுமியும் பொழுது விடியுமுன் எழுந்து கால்நடைகளுக்குத் தீனி வைத்து, பின்னர்ப் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். வெள்ளையர் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளோ தமக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிக்கு இரண்டு மைல் நடந்தனர். வேலை மிகுந்த காலங்களில் பள்ளி செல்ல முடியாது. இவ்வாறு தட்டுத்தடுமாறி ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது.

அதே வீட்டில் உடன் வளர்ந்த உறவினராகிய டேவிட் லாக்ஸ் என்பாரை 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் மணந்தார். புகையிலைத் தொழிலில் பிழைப்பு அரிதாயிற்று. அது போர்க்காலமாகையால் எஃகு ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். எனவே குடும்பம் பால்டிமோர் நகருக்கு அருகில் உள்ள டர்னர் ஸ்டேஷன் என்னும் குடியிருப்பிற்குப் பெயர்ந்தது. கணவர் ஸ்பேரோஸ் பாயிண்ட் எஃகாலையில் தொழிலாளியானார். ஐந்து மக்களுக்குத் தாயான அம்மையார், ஊரிலிருந்து வேலை தேடி வரும் உறவினர்க்கெல்லாம் உணவும் இடமும் அளித்துப் பேணினார்.

நோயும் மறைவும்

தம் அடிவயிற்றில் முடிச்சுப் போன்ற ஒன்று இருப்பதாக அம்மையார் உணர்ந்து நெருங்கிய உறவுப் பெண்களிடம் கூறியிருந்தார். பெண்களுக்கே உரிய கூச்சத்தாலும் மருத்துவமனை என்றால் ஏற்படும் அச்சத்தாலும் உடனே சென்று காட்டவில்லை. 1950ஆம் ஆண்டில் ஐந்தாவது குழந்தை பிறந்த பின் காலமல்லாக் காலத்தில் குருதிப்போக்கு கண்டது. 1951ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். ஏறத்தாழ 20 மைல் தொலைவு. கறுப்பின மக்களுக்கு மருத்துவம் பார்க்கும் பெரிய மருத்துவமனை அவ்வட்டாரத்தில் அதுவாகவே இருந்தது. அங்கும் கறுப்பருக்கெனத் தனிக் கூடமும் தனிக் குடிநீர்க் குழாயும் இருந்தன.

ஹோவர்டு ஜோன்ஸ் என்னும் மருத்துவர் சோதித்துக் கருப்பை வாயில் புற்றுநோய்க் கட்டி இருப்பதைக் கண்டார். அக்கால முறைப்படி கட்டியின்மீது ரேடியம் வைத்து மருத்துவம் செய்தனர். அவ்வாறு செய்யுமுன், மயக்கத்தில் இருந்த அம்மையாரின் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டையும் நோயற்ற பகுதியிலிருந்து மற்றொரு சிறு துண்டையும் மருத்துவர் வெட்டி எடுத்தார். அத்துண்டுகள் அதே மருத்துவமனையின் ஆராய்ச்சிக் கூடத்திற்கு அனுப்பப்பட்டன. அவ்வாறு எடுக்கப் போவதாக அம்மையாரிடம் எவரும் கூறவில்லை, இசைவும் கேட்கவில்லை. இசைவு பெற வேண்டும் என்னும் விதி அக்காலத்தில் அங்கு இல்லை. ஏழை நோயாளிகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்வதற்கு ஈடாக அவர்தம் உடலை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்பதே பலருடைய கருத்தாக இருந்தது.

ரேடியமும் எக்ஸ் கதிரும் நோயைத் தடுக்கவில்லை. கட்டிகள் உடலெங்கும் பரவின. ஆகஸ்டில் மருத்துவமனையில் சேர்ந்த அம்மையார் வீடு திரும்பவில்லை. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்தது. உடல் குளோவருக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பெயர் பொறித்த கல்லொன்று இல்லாத குழியில் அடக்கம் செய்யப்பட்டது.

சாவாத உயிரணுக்கள்

ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ஜார்ஜ் கை என்பவர். மனித உயிரணுக்களை உடலுக்கு வெளியே கண்ணாடிக் குழாய்களில் வளர்க்க அவரும் அவர் மனைவி மார்கரெட்டும் பல்லாண்டுகள் முயன்று வந்தனர். அந்நாள்வரை எடுத்த மனித உயிரணுக்கள் எல்லாம் சில நாள்களிலோ சில வாரங்களிலோ மடிந்தன. ஹென்றியேட்டாவின் திசுத் துண்டுகளையும் உதவியாளர் மேரி குபிசெக் வழக்கம்போல் நறுக்கிக் குழாய்களில் இட்டு, நோயாளியின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் முதலில் வரும் ஒலிகளைச் சேர்த்து ஹீலா என்று எழுதி ஒட்டினார். நோயற்ற பகுதியின் அணுக்கள் விரைவில் மடிந்தன. புற்றணுக்களோ நாளொன்றுக்கு இருமடங்காகப் பெருகின. குழாய் நிறைந்தால் அடுத்த குழாய். அதுவும் நிறைந்தால் மற்றொன்று. இவ்வாறு முடிவின்றிப் பெருகும் மனித உயிரணுக்கள் முதன்முதலாக உலகிற்குக் கிடைத்தன.

அவை ஏன் சாவதில்லை என்பதைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கியது. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. அவற்றின் முனைகள் ஒவ்வொரு பிளவின்போதும் சிறிது தேய்கின்றன. மிகவும் தேய்ந்தபின் அணு பிளவுறுவதை நிறுத்திவிடும். ஹீலா அணுக்களிலோ தேய்ந்த முனையை மீண்டும் கட்டும் டெலோமெரேஸ் என்னும் நொதி ஓயாது இயங்குவது 1989இல் கண்டறியப்பட்டது. அவற்றில் குரோமோசோம்களும் 46க்கு மாறாகப் பெரும்பாலும் 76 முதல் 80 வரை காணப்படுகின்றன.

அந்நோய்க்கு வித்திட்டது எது? செருமானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசன் 1980களில் அதனைக் கண்டார். மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியின் 18ஆம் வகை, ஹீலா அணுக்களுள் தன் மரபுப்பொருளைச் செருகி வைத்திருந்தது. அணுவின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காவற் புரதங்கள் நம் உடலில் உண்டு. அவற்றுள் ஒன்றை இவ்வைரசின் புரதம் அழிக்கின்றது. மற்றொன்றைச் செயலறச் செய்கின்றது. காவல் நீங்கிய அணு கட்டின்றிப் பெருகிப் புற்றாகின்றது. இக்கண்டுபிடிப்பிற்காக அவ்வறிஞருக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தடுப்பாற்றல் ஆராய்ச்சியில் ஹீலா

நம் குருதியில் நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை, நோய்க்கிருமியைக் கண்டதும் விழிப்புற்றுப் பெருகி எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றது. மற்றொரு வகை, கிருமி புகுந்த அணுவையே தேடிக் கொல்கின்றது. தடுப்பூசியின் பணி இவ்வெள்ளணுக்களை முன்கூட்டியே விழிப்புறச் செய்வதாகும்.

இளம்பிள்ளை வாதத்திற்கு ஜோனாஸ் சால்க் என்னும் அறிஞர் கண்ட தடுப்பூசி 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் சிறுவர்கள் பங்கேற்ற பெருஞ்சோதனைக்கு உள்ளானது. ஊசி பெற்ற குழந்தையின் உடலில் எதிர்ப்பொருள் தோன்றியதா என்பதை எங்ஙனம் அறிவது? அக்குழந்தையின் குருதிநீரை இளம்பிள்ளை வாத வைரசோடு கலந்து உயிரணுக்களின்மீது ஊற்ற வேண்டும். அணுக்கள் மடிந்தால் எதிர்ப்பொருள் இல்லை, பிழைத்தால் உண்டு. இதற்குக் குரங்குகளின் உயிரணுக்களைப் பயன்படுத்துவது பெருஞ்செலவாயிற்று. ஹீலா அணுக்களோ எளிதில் வளர்வன. அவ்வைரசு எளிதில் தாக்கக் கூடியன.

அவற்றைப் பேரளவில் வளர்த்து நாடெங்கும் அனுப்பும் பொறுப்பு, கறுப்பின மக்களின் கல்விக்காக 1881இல் தொடங்கப் பெற்ற டஸ்கீகி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ரசல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்னும் இரு கறுப்பின அறிஞர்கள் தலைமை ஏற்றனர். கறுப்பின இளைஞர் பலர் அங்குப் பயிற்சி பெற்றனர். 1953 முதல் 1955 வரை சுமார் 6,00,000 குழாய்கள் அங்கிருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்குச் சென்றன. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் தடுப்பூசி பயனுடையது என உலகிற்கு அறிவிக்கப்பட்டது. குழந்தைகளை முடமாக்கிய கொடுநோயை வெல்லும் போரில், அடிமை வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணின் உயிரணுக்களும், அவ்வினத்து இளைஞர்களின் கைகளும் இவ்வாறு துணை நின்றன.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அதே டஸ்கீகி வட்டாரத்தில், 1932 முதல் 1972 வரை, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் சுமார் 400 பேரை, உரிய மருந்து கிடைத்த பின்னரும் மருந்து அளிக்காமல் நோயின் போக்கை ஆராய்ந்தது. நியூயார்க்கில் செஸ்டர் சதம் என்னும் ஆராய்ச்சியாளர், புற்றணுக்களை மனித உடல் எவ்வாறு எதிர்க்கின்றது என்பதை அறிய, ஹீலா அணுக்களைப் புற்றுநோயாளிகளின் தோலுக்கடியில் செலுத்தினார். 1956 முதல் ஒகையோ மாநிலச் சிறைக் கைதிகளிடமும் இவ்வகைச் சோதனை நடைபெற்றது. நலமுள்ள கைதிகளின் உடல் அவ்வணுக்களை விரைவில் அழித்தது. நோயாளிகளிடம் அழிவு தாமதமாயிற்று. பிறர் உடலின் அணுக்களை அயலவை என அறிந்து வெள்ளணுக்கள் தாக்கும் என்பதை இன்று நாம் அறிவோம். 1963இல் புரூக்ளின் நகர மருத்துவமனை ஒன்றில், முதியோர் 22 பேருக்கு, செலுத்தப்படுவது உயிருள்ள புற்றணு என்பதைக் கூறாமலேயே அவர் ஊசி இடச் செய்தார். அதில் பங்கேற்க மறுத்து மருத்துவர் மூவர் பணி துறந்தனர். அறிவைத் தேடும் ஆர்வம் எத்துணை உயர்ந்ததாயினும், மனிதனை மனிதனாக மதிக்கத் தவறும்போது அது பழிக்குரியதாகின்றது என்பதற்கு இவை சான்றுகள்.

குடும்பம் அறிந்த கதை

ஜார்ஜ் கை அவ்வணுக்களை விற்கவில்லை. கேட்ட அறிஞர்க்கெல்லாம் விலையின்றியே வழங்கினார். பின்னர் நிறுவனங்கள் அவற்றை வளர்த்து விற்கத் தொடங்கின. அணுக்களுக்கு உரியவர் ஹெலன் லேன் என்று தவறான பெயரே நெடுங்காலம் வழங்கி வந்தது. 1971இல்தான் ஒரு மருத்துவ இதழ் வாயிலாக ஹென்றியேட்டா லாக்ஸ் என்னும் உண்மைப் பெயர் வெளிவந்தது.

குடும்பத்தார் செய்தியை அறிந்தது 1973இல், அதுவும் தற்செயலாக. அவ்வீட்டு மருமகள் ஒரு விருந்தில் சந்தித்த ஆராய்ச்சி ஊழியர் ஒருவர், லாக்ஸ் என்னும் பெயரைக் கேட்டதும், தாம் நாள்தோறும் கையாளும் அணுக்களைப் பற்றிக் கூறினார். இறந்து 22 ஆண்டுகள் ஆன மாமியாரின் ஒரு பகுதி உயிரோடிருக்கின்றது என்று கேட்டால் எவர்தாம் திகைக்கமாட்டார்! அதன்பின் ஆராய்ச்சியாளர் வந்து மக்களின் குருதியை எடுத்துச் சென்றனர். பிற அணுக்களோடு கலந்துவிட்ட ஹீலா அணுக்களை இனங்காண்பது அவர்கள் நோக்கம். தாயைக் கொன்ற நோய் தமக்கும் உண்டா எனச் சோதிக்கின்றனர் என்று மக்கள் எண்ணி முடிவுக்காகக் காத்திருந்தனர். உயிரணு என்றால் என்ன என்பதை அவர்களுக்குப் புரியுமாறு எடுத்துரைக்க எவரும் முன்வரவில்லை. ஆராய்ச்சிக் கூடங்களில் தாய்க்கு வலிக்குமோ என்று மகள் பல்லாண்டுகள் கலங்கினார். 2001இல் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் ஒருவர் அம்மகளையும் மகன் ஒருவரையும் அழைத்து, நுண்நோக்கியின் வழியே அவ்வணுக்கள் பிளவுறுவதைக் காட்டி விளக்கிய பின்னரே அவர் ஐயம் ஒருவாறு நீங்கிற்று.

2010இல் ரெபெக்கா ஸ்க்லூட் எழுதிய நூலால் இவ்வரலாறு உலகறிந்தது. அதே ஆண்டில், ஜார்ஜ் கையிடம் பயின்ற கறுப்பின மருத்துவ அறிஞர் ரோலண்டு பாட்டில்லோ, அம்மையாரின் கல்லறைக்கு ஒரு கல் நாட்டினார். 2013இல் ஹீலா அணுக்களின் மரபுச் செய்தி முழுவதும் குடும்பத்தைக் கேளாமலே வெளியிடப்பட்டது. கண்டனம் எழவே, அதனைப் பயன்படுத்த விழைவோரின் விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் குடும்பத்தார் இருவருக்கு இடமளிக்க அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் இசைந்தன. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் அம்மையாருக்கு விருதளித்தது. அணுக்களால் பெரும்பொருள் ஈட்டிய தெர்மோ பிஷர் என்னும் நிறுவனத்தோடு நடந்த வழக்கு 2023இல் உடன்பாட்டில் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், அம்மையாரின் நினைவு நாளில், அவர் பிறந்த ரோனோக் நகரில் சிலை திறக்கப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் படைத்தலைவர் இராபர்ட் லீயின் பெயரைத் தாங்கியிருந்த சதுக்கம் அது. இன்று அது ஹென்றியேட்டா லாக்ஸ் சதுக்கம்.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றைப் படித்தபோது என் ஆசிரியப் பணியில் நிகழ்ந்த ஒன்று நினைவிற்கு வந்தது. என் மாணவன் ஒருவனின் தாயார் ஒருநாள் பள்ளிக்கு வந்து, மடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். மருத்துவமனை ஒன்றில் அதன் மற்றொரு படியில் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருந்தார். அதில் எழுதியிருப்பது என்னவென்று என்னைக் கேட்டார். அஃது அறுவை மருத்துவத்திற்கான இசைவுத் தாள். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் படித்தறிந்த பின் வைக்க வேண்டிய கைநாட்டை வைத்த பின்னரே அவர் படிக்கச் சொன்னார். அவர் மகன் அப்போது எட்டாம் வகுப்பு மாணவன். தாளை அவனிடமே கொடுத்து, தாய்க்கு வரிவரியாகப் படித்து விளக்கச் சொன்னேன். அன்று அவன் படித்த படிப்பே உண்மையான படிப்பு என்று இன்றும் எண்ணுகின்றேன்.

ஆகவே இளைஞர்களே! முதலாவதாக, உங்கள் வீட்டுப் பெரியோர் மருத்துவமனை செல்லும்போது உடன் செல்லுங்கள். கையொப்பம் இடுமுன் படியுங்கள். புரியாததைத் தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று, நோயாளியின் உரிமை.

இரண்டாவதாக, அம்மையாரை மாய்த்த நோய் இன்று தடுக்கக் கூடியது. சுர் ஹவுசனின் கண்டுபிடிப்பின் வழியே உருவான தடுப்பூசி 2006 முதல் வழங்கி வருகின்றது. 9 முதல் 14 வயது வரையுள்ள பெண் குழந்தைகளுக்கு அதனை இட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முப்பது வயது கடந்த பெண்கள் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். காலமல்லாக் காலத்தில் குருதிப்போக்குக் கண்டால் கூச்சத்தால் மறைத்தல் கூடாது. தாய்மார்களும் சகோதரிகளும் இதனை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பாராக.

மூன்றாவதாக, ஆராய்ச்சிக் கூடத்தின் கதவைப் பகையாக எண்ணி ஒதுங்குதல் அறிவுடைமை ஆகாது. அம்மையாரின் அணுக்களைக் கேளாமல் எடுத்தோரும் அங்கு இருந்தனர். பிழையான சோதனைக்கு உடன்படாமல் பணி துறந்தோரும், கல்லறைக்குக் கல் நாட்டியவரும் அங்கிருந்தே வந்தனர். டஸ்கீகியில் வெள்ளுடை அணிந்து நுண்நோக்கியின் முன் அமர்ந்த கறுப்பின இளைஞர்களை நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய இருக்கைகளில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். நோயாளியின் படுக்கையில் கிடப்பவர் தம் தாய் போன்றவர் என்று உணரும் ஒருவர் அங்கு இருந்தால், அவரிடம் கேளாமல் எதனையும் எடுக்க மனம் துணியாது. இச்சங்கம் நடத்தி வரும் கல்விப் பணியின் பயன் அதுவே ஆகுக.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்ற ஓர் ஏழைப் பெண்ணின் உயிரணுக்களைக் கொண்டு உலகம் பாடம் கற்று வருகின்றது. அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களாக நம் பிள்ளைகள் வளர்வார்களாக!